ஒற்றை நோடு லேப்டாப்பில் பல நோடு நினைவகத்தைச் சோதிப்பது எப்படி?

கெடிலக்கரை:
வணக்கம். நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூர். கீழே அப்பாவின் முந்திரி குடோன், மாடியில் என் மேசை. லினக்ஸ் கர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஒரு சின்ன மாட்யூல் (அதில் ஏற்றும் துணை நிரல்) எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு நினைவக நோடிலும் (ஒரு ப்ரோசசரும் அதன் பக்கத்து ராமும் சேர்ந்த தொகுதி) ஒரு பஃபர், அதாவது கொஞ்சம் நினைவக இடம், ஒதுக்கி வைத்துக்கொள்ளும். என் 16 ஜிபி லேப்டாப்பில் ஆறு வாரமாக ஒரு குறையும் இல்லை. போன வெள்ளிக்கிழமை தோழி ஒருத்தி தன் அலுவலகத்து இரண்டு சாக்கெட் (ப்ரோசசர் செருகும் இடம்) சர்வரை ஒரு மணி நேரம் தந்தாள். மாட்யூலை ஏற்றியதுமே கர்னல் ஊப்ஸ், அதாவது கர்னலுக்குள்ளேயே பிழை. லாகை முழுதாகப் படிப்பதற்குள் அவர்களுக்கு மிஷின் தேவைப்பட்டது. மறுபடி கேட்க மனசு வரவில்லை.

வீட்டில் பூட் வரியில் (கர்னல் தொடங்கும்போது தரும் கட்டளை வரி) நியூமா=ஃபேக்=4 (numa=fake=4, இருக்கும் ராமை நாலு போலி நோடாகக் காட்டச் சொல்வது) சேர்த்தேன். நாலு நோடு வந்தது, ஒவ்வொன்றிலும் 4 ஜிபி அளவுக்கு. ஆனால் மாட்யூல் ஒழுங்காக ஓடுகிறது. தூரப் பட்டியலில் (ஒரு நோடிலிருந்து இன்னொன்றின் நினைவகம் எவ்வளவு தொலைவு என்று காட்டும் எண்கள்) எல்லாமே 10. எதிலிருந்து படித்தாலும் ஒரே வேகம். நான் எங்கே தவறு செய்கிறேன்?

லாஸ்பேட்டை:
தவறு இல்லை. ஒரே ராமைத்தான் கர்னல் நாலாகக் கணக்கு வைக்கிறது, வேகம் எப்படி மாறும்? தூரம் வேறாகத் தெரியவேண்டுமானால் நியூமா=ஃபேக்=2:10,20,20,10 என்று கொடுத்துப் பாருங்கள்.

முத்தியால்பேட்டை:
மேலே சொன்னது சரி. ஆனால் அந்த எண்ணைப் பார்த்து கர்னல் முடிவெடுக்குமே தவிர, நினைவகம் ஒரு துளிகூட மெதுவாகாது. உங்கள் குடோன் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு நாலு குடோன் என்று சொல்வது போலத்தான் இது. எந்த மூட்டை எந்தக் கட்டத்தில் என்ற கணக்கைச் சோதிக்க அருமையான வழி. முதுநகரிலிருந்து மூட்டை வர எவ்வளவு நேரமாகும் என்று அதில் அளக்க முடியாது.

உங்கள் ஊப்ஸ் வேறு விஷயம் என்று நினைக்கிறேன். ஃபேக் முறை இருக்கிற ராமைத்தான் வெட்டித் தருகிறது, அதனால் எல்லா நோடிலும் நினைவகம் இருக்கும். நிஜ சர்வரில் ஒரு சாக்கெட் பக்கம் ராமே செருகாமல் விட்டிருப்பார்கள். அந்த நோடில் ப்ரோசசர் இருக்கும், நினைவகம் இருக்காது. "இந்த நோடிலேயே வேண்டும்" என்று கண்டிப்பாகக் கேட்டால் கர்னல் வெறும் நல் பாயிண்டரைத் (இடம் கிடைக்கவில்லை என்று காட்டும் முகவரி 0) திருப்பும். நீங்கள் அதைச் சரிபார்க்கிறீர்களா? சத்தியமாக, இந்த ஒரு கேள்விக்கு இரண்டு நாள் தொலைத்திருக்கிறேன்.

இதைச் சோதிக்க க்யூஎமுவில் (QEMU, மெய்நிகர் கணினியை ஓட்டும் மென்பொருள்) இரண்டு நோடு போடுங்கள். 2 ஜிபி முழுவதும் முதல் நோடுக்கு. இரண்டாவது நோடுக்கு இரண்டு கோர் மட்டும், மெமரி பேக்கெண்ட் (அந்த நோடுக்கான நினைவகம்) தரவேண்டாம். உள்ளே பூட் ஆனதும் நியூமா-சிடிஎல் (numactl, நோடு விவரம் காட்டும் கட்டளை) கொண்டு பாருங்கள், இரண்டாவது நோடின் அளவு 0 என்று வரவேண்டும். இங்கேயும் வேகம் நிஜமில்லை, கர்னலுக்குப் போகும் அட்டவணைதான் மாறுகிறது. வேகத்தை அளக்க நிஜ மிஷின்தான் வேண்டும்.

கெடிலக்கரை:
அண்ணா, அதேதான்! நேற்று ராத்திரி பத்தரைக்கு க்யூஎமுவுக்குள் மாட்யூலை ஏற்றினேன். அதே ஊப்ஸ், இந்த முறை லாகை நிதானமாகப் படிக்க முடிந்தது. முகவரி 0-வில் எழுதப் போயிருக்கிறது. ஆன்லைனில் இருக்கும் எல்லா நோடையும் சுற்றி வந்துகொண்டிருந்தேன். இப்போது நினைவகம் உள்ள நோடுகளை மட்டும் சுற்றுகிறேன், ஒதுக்கியதும் நல் பாயிண்டர் வந்ததா என்றும் பார்க்கிறேன். ஃபேக்=4, க்யூஎமு இரண்டிலும் ஓடுகிறது.

தோழியிடமும் கேட்டேன். அந்த சர்வரில் இரண்டாவது சாக்கெட் பக்கத்து ராமை வேறு மிஷினுக்குக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்களாம்.