கப்பல் நீச்சல் குளத்தில் சின்னக் குழந்தைகளை இறக்கலாமா? உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

பள்ளத்தூர் ஆச்சி:

பெரியப்பச்சியின் எழுபதாம் சாந்தி முடிந்த கையோடு குடும்பமாகச் சிங்கப்பூர் போய் அங்கிருந்து கப்பல் ஏறினோம். கப்பல் எப்படி, சாப்பாடு எப்படி என்பதெல்லாம் போனவர்களுக்குத் தெரியும், அதை விடுங்கள். கரை தொடாத நாளில் மத்தியானம் நடந்ததைத்தான் எழுத வந்தேன்.

எங்களோடு வந்த உறவுக்காரப் பெண்ணுக்கு ஒன்றரை வயதுக் குழந்தை. பெரியவர்கள் குளத்தின் மேல் படியில் அதை உட்கார வைத்திருந்தாள். நீச்சலுக்கென்றே கடையில் விற்கும் டயப்பர் போட்டிருந்ததால் பரவாயில்லை என்பது அவள் எண்ணம். கொஞ்ச நேரத்தில் பணியாளர் ஒருவர் ஓடி வந்து எல்லாரையும் மேலே ஏறச் சொன்னார். தண்ணீரில் என்ன கலந்தது என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஆட்கள் வந்து குளத்தின் மேல் வலையை இழுத்துக் கட்டினார்கள்.

அப்போதுதான் இறங்கலாம் என்று ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று வந்து நின்றது. எந்த நாட்டுக் குழந்தையோ. நீச்சல் கண்ணாடியை மாட்டியிருந்தது, கழற்றவே இல்லை. கட்டுகிற வலையையே பார்த்துக்கொண்டு நின்றது. எங்கள் பெண்ணோ தன் குழந்தையைத் துண்டில் சுற்றியபடி, "கொஞ்சந்தானே ஆச்சி, இதுக்குப் போயி இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்றாள். அன்று ராத்திரி வரைக்கும் குளத்தைத் திறக்கவில்லை.

டயப்பர் வயசுக் குழந்தையைப் பொதுக் குளத்தில் இறக்கக் கூடாது என்று அங்கேயே அவளிடம் சொன்னேன். இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. போகட்டும். அந்தக் கண்ணாடி போட்ட குழந்தைதான் எனக்கு மறக்கமாட்டேன் என்கிறது.

கானாடுகாத்தான் மருமகள்:

ஆச்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எல்லாக் குழந்தையையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். என் மகனுக்கு அப்போது மூன்று வயது நெருங்கிக்கொண்டிருந்தது. டயப்பரை விட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன, வந்தால் வாய்விட்டுச் சொல்வான். குளத்தருகே நின்ற பணியாளர் அவனைக் கண்டதும் கையை நீட்டித் தடுத்து, "டயப்பர்?" என்றார். இல்லை என்றேன். நம்பவில்லை. அத்தனை பேர் முன்னால் குழந்தையின் ஜட்டியை விலக்கிக் காட்டச் சொல்லாத குறைதான். சின்னக் குழந்தைகளுக்கென்று இருந்த தண்ணீர்த் திடலோ பழுது பார்க்கிறோம் என்று மூடிக்கிடந்தது. குழந்தைக்கும் டிக்கெட் வாங்கியிருக்கிறோம், துறைமுகக் கட்டணமும் கட்டியிருக்கிறோம்.

என் பிள்ளை கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தான். வாத்து மிதவையை இடுப்பில் மாட்டிக்கொண்டு அந்தப் பணியாளர் எதிரிலேயே நின்று, "அம்மா, நான் ஒன்னுக்குப் போயிட்டேன்ல, இப்ப விடுவாங்களா?" என்று கேட்டான். இதை எழுதும்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

பெரியவர்கள் பியர் கிளாசோடு வெந்நீர்த் தொட்டியில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் எழுந்து கழிப்பறைக்குப் போனவர் ஒருவரையும் நான் பார்க்கவில்லை. அவர்களை யாராவது மறித்துக் கேட்டார்களா?

செக்காலைக்காரன்:

டயப்பர், குளோரின் என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு உறுத்துவது வேறு.

குளம் நிறைய ஆட்கள், காதைக் கிழிக்கும் பாட்டு. நான் மேலே நாற்காலியில் இருந்தேன். ஏணிக்கு இரண்டு கை தள்ளி ஒரு பையன், ஐந்து வயது இருக்கலாம். தலை பின்பக்கமாகச் சாய்ந்திருந்தது, வாய் தண்ணீர் மட்டத்தில் இருந்தது, முடி கண்ணை மறைத்துக் கிடந்தது. இரண்டு கையாலும் தண்ணீரைக் கீழே அழுத்துகிறான், மேலே வர முடியவில்லை. சத்தம் இல்லை. கத்தவில்லை, கையை ஆட்டிக் கூப்பிடவில்லை. சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர் இருக்கிறார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை. அவனுடைய அப்பா கை எட்டும் தூரத்தில் நின்று, சறுக்கில் வரும் மகளைப் போனில் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். நான் கத்திக்கொண்டே எழுந்து ஓடுவதற்குள், குளிர்பானத் தட்டோடு போய்க்கொண்டிருந்த பிலிப்பைன்ஸ் பணியாளர் தட்டை அப்படியே கீழே போட்டுவிட்டுச் சீருடையோடு குதித்து அவனைத் தூக்கினார். பையன் இருமினான், வாந்தி எடுத்தான், அப்புறம்தான் அழுதான். அப்பா திரும்பிப் பார்த்து, "என்னாச்சு? இப்பத்தானே விளையாடிட்டு இருந்தான்?" என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது விளையாட்டு மாதிரிதான் தெரியும். சின்னக் குழந்தை தண்ணீருக்குள் மூழ்கிப்போக ஒரு நிமிஷம்கூட ஆகாது.

டிஸ்னி கப்பல்களில் உயிர்காப்பாளர் இருக்கிறார்கள். நிறையக் கப்பல்களில் 'உங்கள் பொறுப்பில் நீந்தவும்' என்ற பலகை மட்டும்தான் இருக்கிறது. கப்பல் குளங்களில் பலவற்றில் ஆழம் குறைந்த பக்கம் என்றே ஒன்று கிடையாது, இறங்கினால் நேரே கழுத்தளவு. கடல் கொஞ்சம் புரண்டால் குளத்துத் தண்ணீரும் ஒரு பக்கமாக ஏறி அடிக்கும். 2021-ல் உலகம் முழுக்க 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். நம் பக்கத்துப் பிள்ளைகள் கண்மாயிலும் கிணற்றிலும் நீந்திப் பழகியவை என்று இன்னும் பெருமை பேசுகிறோம். சென்னையிலும் சிங்கப்பூரிலும் வளர்கிற நம் பேரப்பிள்ளைகளில் எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும்? கையில் மாட்டுகிற காற்றுப்பையை நம்பி விடுகிறார்கள். அது விளையாட்டுச் சாமான், உயிரைக் காப்பாற்ற அல்ல.

குழந்தை இறங்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. பெரியவர் ஒருவரும் கூடவே தண்ணீரில் இறங்க வேண்டும், போனை அறையில் வைத்துவிட்டு.

தேவகோட்டை, ஓய்வுபெற்ற செவிலியர்:

கப்பலிலிருந்து இறங்கிய மறுவாரம் என் பேரனுக்கு வயிற்றுப்போக்கு. மருத்துவமனையில் சேர்த்து டிரிப் ஏற்றினோம், தேறிவிட்டான். குளத்தால் வந்ததா, சாப்பாட்டால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஆனால் அவன் அந்தத் தண்ணீரை வாயில் எடுத்துக் கொப்புளித்துத் துப்பி விளையாடியது மட்டும் என் கண்ணிலேயே நிற்கிறது.

கேட்டாலும் கேட்காவிட்டாலும் சிலதைச் சொல்லிவிடுகிறேன். குளோரின் போட்டால் எல்லாக் கிருமியும் உடனே செத்துவிடும் என்று நினைக்காதீர்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் சரியாக இருக்கும் தண்ணீரில் ஈ.கோலை ஒரு நிமிஷத்துக்குள் சாகும். ஹெபடைடிஸ் ஏ வைரசுக்குச் சுமார் 16 நிமிஷம், ஜியார்டியாவுக்குச் சுமார் 45 நிமிஷம். கிரிப்டோஸ்போரிடியம் என்று ஒன்று உண்டு, அது அதே தண்ணீரில் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். வயிற்றுப்போக்கு உள்ள ஒரே ஒரு குழந்தை போதும், அதைக் குளத்தில் கலக்க. நீச்சல் டயப்பர் கெட்டியாக வருவதைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். தண்ணீராய்ப் போவதைப் பிடிக்காது, கிருமியையும் பிடிக்காது. சில நிமிஷத்தில் எல்லாம் வெளியே வந்துவிடும். பெரியவர்களைவிடக் குழந்தைகள்தான் குளத்துத் தண்ணீரை அதிகம் விழுங்குகின்றன.

அதனால் வயிறு சரியில்லாத பிள்ளையை, டயப்பர் போட்டாலும் போடாவிட்டாலும், தண்ணீர்ப் பக்கமே கூட்டிப் போகாதீர்கள். கிரிப்டோ என்று பரிசோதனையில் தெரிந்தால், வயிற்றுப்போக்கு நின்ற பிறகும் இரண்டு வாரம் குளத்தில் இறக்கக் கூடாது. இறங்கும் முன் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுங்கள். மணிக்கொரு தரம் கழிப்பறைக்குக் கூட்டிப் போங்கள். டயப்பரைக் குளக்கரையில் மாற்றாதீர்கள், கழிப்பறையில் போய் மாற்றுங்கள். தண்ணீர் குடிக்கக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது என்று வீட்டிலேயே சொல்லிப் பழக்குங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நாலைந்து எடுத்துப் போங்கள். கப்பல் மருத்துவரிடம் போனால் கட்டணம் நம் ஊர்க் கணக்கில் இருக்காது, பயணக் காப்பீடு எடுக்காமல் கிளம்பாதீர்கள். சீடை, முறுக்கை ஈரக் கையோடு டப்பாவில் விட்டு எடுத்து எல்லாருக்கும் பங்கு போடுவதையும் நிறுத்துங்கள். அதையும் அந்தக் கப்பலில் பார்த்தேன்.

கோட்டையூர் அண்ணன்:

2022-ல் சென்னையிலிருந்தே சொகுசுக் கப்பல் கிளம்ப ஆரம்பித்த பிறகு நம் பக்கத்து வயசானவர்கள் நிறையப் பேர் போகிறோம். எங்கள் அய்யா காலத்தில் நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறினால் மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்துப் பினாங்கில் இறங்க வேண்டியதுதான். நமக்குக் குளமே வாய்த்திருக்கிறது. வீட்டுக்காரிக்கு மூட்டுவலி, தண்ணீரில் நின்றால் வலி தெரியாது என்று ஆசையாக இறங்கினாள். பிள்ளைகள் ஓடி வந்து குண்டு போட்டுக் குதிக்கிறார்கள். ஒரு பையன் அவள் தோளிலேயே விழுந்தான். தோள் வலி அடங்கும்வரை அவளால் தலைவார முடியவில்லை, நான்தான் வாரிவிட்டேன்.

நம் ஊர்களில் ஊருணிக்குச் சுவர் எடுத்துப் படி கட்டி, உள்ளே காலை நனைக்கக்கூட விடமாட்டார்கள். குளிக்கக் கண்மாய் தனியாக இருக்கும். எது எதற்கு என்று அன்றைக்கே பிரித்து வைத்தார்கள். கப்பலிலும் அதே மாதிரி பெரியவர்களுக்கு ஒரு குளம், குழந்தைகளுக்கு ஒரு குளம் என்று கண்டிப்பாகப் பிரிக்க வேண்டும்.

கானாடுகாத்தான் மருமகள்:

அண்ணே, உங்கள் வீட்டு ஆச்சிக்கு அடிபட்டது கேட்கவே வருத்தமாக இருக்கிறது. ஆனால் ஊருணி குடிக்கிற தண்ணீர், அதில் யாருமே இறங்கக் கூடாது. பெரியவர்கள் மட்டும் இறங்கலாம் என்று எந்த ஊரில் இருந்தது? தனிக் குளம் பல கப்பல்களில் இருக்கிறது, பெரியவர்கள் அங்கே போகலாம். குழந்தைகளுக்கான இடத்தை மூடிவிட்டால் குழந்தைகள் எங்கே போவது என்பதுதான் என் கேள்வி. கடலில் போகிற நாள் முழுக்க மூன்று வயதுப் பிள்ளையை ஜன்னல் இல்லாத அறையில் வைத்துப் பாருங்கள்.

புதுவயல், கப்பல்காரன்:

நான் கப்பலில் குளத்து வேலையே பார்த்தவன். ஊரிலிருந்து நிறையப் பையன்கள் இந்த வேலையில் இருக்கிறோம், யாரும் நம்மிடம் கேட்பதில்லை.

அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் கப்பல்களில் அந்நாட்டு நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி.யின் ஆட்கள் சொல்லாமல் ஏறிச் சோதிப்பார்கள். 100-க்கு மதிப்பெண் போடுவார்கள், 85-ம் அதற்குக் கீழும் தோல்வி. டயப்பர் போடும் குழந்தை, கழிப்பறைப் பழக்கம் வராத குழந்தை இரண்டையும் அவர்களுக்கென்றே அமைத்த இடம் தவிர வேறு குளத்தில் விடக் கூடாது என்பது அவர்கள் விதி. அப்படி அமைத்த இடத்துக்குத் தண்ணீர் சுற்றும் குழாய், வடிகட்டி, குளோரின் எல்லாமே தனியாக இருக்க வேண்டும். அதனால்தான் சில கப்பல்களில் அந்தத் திடலே இருக்காது. அமெரிக்கா போகாத கப்பல்களிலும் பல நிறுவனங்கள் இதே விதியை வைத்திருக்கின்றன.

பள்ளத்தூர் ஆச்சி சொன்ன குளம் ஏன் ராத்திரி வரை திறக்கவில்லை என்று எனக்குப் புரிகிறது. கெட்டியாக இருந்தால் எடுத்துவிட்டு, குளோரினை லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு ஏற்றி அரை மணி நேரத்தில் திறந்துவிடலாம். தண்ணீராய்ப் போயிருந்தால் 20 மில்லிகிராமுக்கு ஏற்றிப் பதின்மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக அப்படியே வைக்க வேண்டும், அப்புறம் குளோரினை இறக்க வேண்டும். அதற்குள் ஆயிரம் பேர் வந்து எங்களைத் திட்டிவிட்டுப் போவார்கள். குழந்தையின் அம்மாவை யாரும் திட்ட மாட்டார்கள், அவர் எப்போதோ அறைக்குப் போயிருப்பார்.

கானாடுகாத்தான் அக்கா, உங்கள் பிள்ளையைத் தடுத்தவர் உங்களை அவமதிக்க நினைத்திருக்க மாட்டார். டயப்பர் குழந்தை உள்ளே இருப்பதைச் சோதனைக்கு வந்தவர் கண்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். ஆனாலும் உங்கள் வாயிலிருந்து இல்லை என்று வந்த பிறகு விட்டிருக்க வேண்டும். நான் விட்டிருப்பேன். செக்காலை அண்ணன் சொன்னது முழுக்கச் சரி. குளிர்பானம் கொடுக்கிறவர் பார்த்தால் உண்டு என்ற நிலைமையில் ஒரு குளத்தை வைக்கக் கூடாது.

பள்ளத்தூர் ஆச்சி:

தம்பி, ஒரு சந்தேகம். அடுத்த பயணத்துக்கு என் பேத்தியும் வருகிறாள், நாலு வயது. பகலில் டயப்பர் இல்லை, ராத்திரி தூங்கும்போது மட்டும் போடுகிறாள். அவளை விடுவார்களா?

புதுவயல், கப்பல்காரன்:

பகலில் பழகிவிட்டாள் என்றால் விடுவார்கள் ஆச்சி. இருந்தாலும் பணம் கட்டும் முன் ஏஜென்ட்டிடம் மூன்று கேள்வி கேளுங்கள். குழந்தைகள் திடல் இப்போது திறந்திருக்கிறதா, குளத்துக்கு உயிர்காப்பாளர் உண்டா, பேத்தி அளவுக்கு உயிர்காப்பு அங்கி கப்பலில் தருவார்களா. பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்குங்கள். அங்கி இல்லை என்றால் இங்கேயே வாங்கி, வீட்டில் ஒரு தரம் மாட்டிப் பாருங்கள், தோளைப் பிடித்துத் தூக்கினால் காதுக்கு மேலே ஏறக் கூடாது. கரை தொடும் நாளில் எல்லாரும் ஊர் பார்க்க இறங்கிவிடுவார்கள், குளம் காலியாக இருக்கும். அன்று காலையில் நீங்களும் கூடவே இறங்குங்கள்.