அலி, லூயிஸ், ஃப்ரேசியர்: யாரோட ஸ்டைலை முதல்ல பழக்கலாம்?

தருமபுரி ரிங்:
பாக்சிங் பழக்கி அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க. 14லிருந்து 17 வயசுப் பசங்க போன்ல அலி வீடியோ பாத்துட்டுக் கையைத் தொங்கப்போட்டு ஆடுறாங்க. பெரிய பாக்சர்கள்ல யாரோட முறை சீக்கிரம் படியும்? பாதிப்பேர் ஐந்தரை அடிக்குள்ளதான். புளியமரத்துல ஒரு மணல் பேக் தொங்குது, கயிறு இருக்கு. வேற எதுவும் இல்ல.

மாந்தோப்பு:
ஜோ லூயிஸ்ங்க. 1937லிருந்து 1949 வரைக்கும் ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) பட்டத்தை 25 தடவை காப்பாத்தினவர். குதிக்க மாட்டார், தரையைத் தேய்ச்ச மாதிரி சின்னச் சின்ன அடி வெச்சு நெருங்குவார். குத்தும் குட்டையா, நேரா வரும். மின்னல் வேகம் இல்லாத பையனுக்கும் இது வரும்.

சுண்ணாம்புல ஒரு கோடு போடுங்க. இடது கால் விரலும் வலது குதிகாலும் கோட்டைத் தொடணும். முன்கால் அரையடி போனா பின்காலும் அதே அரையடி. கூடவே ஜாப் (முன்கையால நேரா விடுற குத்து) மட்டும், 3 நிமிஷம், 3 ரவுண்டு. பின்கால் முன்காலை ஒட்டி வந்துடுறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. ஸ்டான்ஸ் (நிக்கிற நிலை) குறுகிடும், லேசா தள்ளினாலே சாய்ஞ்சிடுவான்.

ஆனா லூயிஸோட குறையையும் சேத்து எடுத்துக்கக் கூடாது. ஜாப் போட்டதும் இடது கையைக் கீழே விடுவார். அதைக் கவனிச்சு வெச்சிருந்த ஜெர்மன் பாக்சர் ஷ்மெலிங், 1936ல அதுக்கு மேலாகவே வலது கையை இறக்கி 12வது ரவுண்டுல சாய்ச்சார். அதனால எதிர்ல ஒருத்தனை நிக்க வெச்சு, ஒவ்வொரு ஜாப்புக்கும் பையனோட இடது கன்னத்தைக் கிளவுஸால தொடச் சொல்லுங்க. கை தானா கன்னத்துக்குத் திரும்பப் பழகிடும்.

பாரூர் பாக்சர்:
லூயிஸ் சரிதான் அண்ணா. ஆனா குட்டையான பையனுக்கு ஜோ ஃப்ரேசியர்தான் பொருந்துவார். ரெண்டு மரத்துக்கு நடுவுல பத்தடிக்குக் கயிறு கட்டுங்க, உயரம் பையனோட தோள் அளவு. முழங்காலை மடக்கி, கயித்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நுழைஞ்சு நுழைஞ்சு முன்னேறணும். இடது பக்கம் எழும்போது எடை இடது கால்ல இருக்கும், அங்கிருந்தே ஹூக் (முழங்கையை மடக்கிப் பக்கவாட்டுல வீசுற குத்து). 1971ல 15வது ரவுண்டுல அலியைத் தரையில விழ வெச்சது அந்த இடது ஹூக்தான்.

இடுப்பை மடக்கித் தரையைப் பாத்தா அப்பர்கட் (கீழேருந்து மேல வர்ற குத்து) நேரா தாடையில ஏறும். பார்வை எப்பவும் எதிராளி நெஞ்சுலயே இருக்கணும். 1973ல கிங்ஸ்டன்ல ஃபோர்மேன் ரெண்டே ரவுண்டுல ஃப்ரேசியரை ஆறு தடவை விழ வெச்சார். உள்ளே வர்றவரைக் கையால தள்ளி நிறுத்தி, தூரம் வெச்சு அடிச்சார். அப்படித் தள்ளுற நெட்டையன் வந்தா நேரா போகாம பக்கவாட்டுல நுழையணும்.

தருமபுரி ரிங்:
அப்ப அலி, அவர் மாதிரியே கையைத் தொங்கப்போட்டு ஆடின ராய் ஜோன்ஸ் வேண்டாமா? இடதுகைப் பசங்களுக்கு யாரு?

மாந்தோப்பு:
இப்போதைக்கு வேண்டாங்க. அவங்க மாதிரி தலையை நேரா பின்னால இழுத்துத் தப்பிக்கிறது கண்ணோட வேகத்தை நம்பின வேலை, சொல்லிக்கொடுத்து வராது. முன்தோளைத் தூக்கித் தாடையை மறைக்கிற, பாக்சர் மேவெதரோட தோள் கார்டும் இடதுகைக்காரன் எதிர்ல நின்னா பாதி பயன்தான்.

இடதுகைக்குப் பிலிப்பைன்ஸ் பாக்சர் பாக்கியாவ். தன்னோட முன்காலை எதிராளி முன்காலுக்கு வெளியே வெச்சுட்டு, இடது நேர்க்குத்து. முதல்ல அந்தக் கால் இடம் மட்டும் போதும்.

பாரூர் பாக்சர்:
ஹூக் ஆரம்பிக்கும் முன்னாடி அந்தப் பேக்கைப் பிரிங்க. மணல் அடியில இறங்கிக் கல்லாயிடும், மணிக்கட்டு போயிடும். பனியன் துணிக் கழிவை இறுக்கி அடைச்சு, எடை பத்தலைன்னா மணலைச் சின்னப் பொட்டலமா கட்டி நட்டநடுவுல மட்டும் வைங்க.