குதிரைகளோடு உங்கள் அனுபவம்: சவாரி, பயிற்சிப் பள்ளி, சந்தை, பந்தயம்

மதுரைக்காரி

கொடைக்கானல் ஏரிப் பக்கம் குதிரைகள் நிற்பது எல்லாருக்கும் தெரியும். ரேட் பேசி, பையனை ஏற்றி, போட்டோவும் எடுத்தாகிவிட்டது. இறக்கும்போது சேணத்துக்கு அடியில் போட்டிருந்த சாக்கு விலகியது. வயிற்று வார் பதியும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். மேலே ஊதா மருந்து தடவி, அது காய்ந்து, ஓரத்தில் மறுபடி ரத்தம் கசிந்திருந்தது. குதிரைக்காரத் தம்பி என்னைப் பார்த்தான், சாக்கை இழுத்து மூடினான், "ஆறிடும்க்கா" என்றான். அடுத்த ஆளை ஏற்றிவிட்டான்.

புண்ணைக்கூட மறந்துவிடுவேன். சாக்கை அவன் இழுத்துவிட்ட லாவகம்தான் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. பழகிய கை. வரிசையில் நின்ற மற்றக் குதிரைகளின் சாக்குக்கு அடியில் என்னென்ன இருந்ததோ. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

ஓஎம்ஆர் வாசி

நான் சொல்வது காசுள்ளவர்கள் போகிற இடம். ஒரு பயிற்சிப் பள்ளி, பெயர் வேண்டாம். லாயம் பளிச்சென்று இருக்கும், தொப்பி, பூட்ஸ் எல்லாம் கொடுப்பார்கள். ஒருநாள் ஒரு குதிரை தடையைத் தாண்டாமல் நின்றுவிட்டது. பயிற்சியாளரே ஏறி உட்கார்ந்து லகானை வெடுக் வெடுக்கென்று இழுத்தார், சவுக்கால் விலாவில் சாத்தினார். வாயோரத்து நுரை இளஞ்சிவப்பாக வந்தது. கூட வந்த ஒரு சின்னப் பெண் "வலிக்குமே அங்கிள்" என்றாள். "குதிரைத் தோல்மா, உறைக்காது" என்றார். அப்போது அதன் தோள்மேல் ஒரு ஈ உட்கார்ந்தது. உட்கார்ந்த இடத்தில் மட்டும் தோல் விதிர்த்து ஈயை உதறியது. ஈ உட்காருவது தெரிகிற தோலுக்குச் சவுக்கு தெரியாதாம்!

சிட்னி பல்கலைக்கழகத்தில் குதிரைத் தோலையும் மனிதத் தோலையும் நுண்ணோக்கியில் வைத்து ஒப்பிட்டு 2020-ல் வெளியிட்டார்கள். மேல்தோலின் தடிமனிலும் சரி, அதில் இருக்கும் நரம்பு முனைகளிலும் சரி, பெரிய வித்தியாசம் இல்லை.

லாயத்துப் பிள்ளை

மதுரைக்காரி அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கப்பா ஊட்டியில் குதிரை வைத்திருந்தவர். சீசன் இரண்டு மாதம், குதிரைக்கு வயிறு பன்னிரண்டு மாதமும் உண்டு. 2020 ஊரடங்கில் ஒரு டூரிஸ்ட்கூட இல்லாதபோது கொள்ளும் தவிடும் கடனுக்கு வாங்கிப் போட்டார். எங்கள் வீட்டு மளிகைக் கடன் அதற்கு அப்புறம்தான்.

ஒரு ராத்திரி எங்கள் குதிரைக்கு வயிற்று வலி கண்டது. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது, உள்ளே அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. தரையில் புரளவிடக் கூடாது என்று அப்பா விடிய விடிய கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டே இருந்தார். டாக்டருக்கு போன் போட்டால், "மாடுன்னா வரேன்ப்பா, குதிரை எனக்குப் பழக்கமில்ல" என்கிறார். அந்த பதில் இன்னும் காதில் நிற்கிறது. புண்ணோடு ஏற்றியது தப்புதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மருந்து தடவியிருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தம்பிக்குக் குதிரை சொந்தமா, நாள் கணக்கில் முதலாளிக்குக் காசு கட்டுகிறவனா என்று கேட்டீர்களா?

ஓய்வுபெற்றவன்

மெரினாவில் உச்சி வெயிலில் நுரை தள்ளிக்கொண்டு நின்ற குதிரையைப் பார்த்து, ஏறாமல் திரும்பிவிட்டேன். என் கதை அவ்வளவுதான். ஆனால் சில விஷயங்களை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் வந்தது. வண்டி இழுக்கிற, பொதி சுமக்கிற பிராணிகளுக்கு 1965-ல் தனி விதிகள் வந்தன. மட்டக்குதிரைக்கு 70 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது. நாளுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஓய்வில்லாமல் 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. வெயில் 37 டிகிரியைத் தாண்டும் ஊரில் பகல் 12 முதல் 3 வரை வேலையே கூடாது. முள் வைத்த கடிவாளம் அறவே கூடாது.

ஏறுவதற்கு முன் குதிரையை நாலடி நடக்கவிட்டுப் பாருங்கள். நடக்கும்போது தலை தூக்கித் தூக்கி விழுந்தால் முன்னங்காலில் நோவு. லாடத்தை ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் கழற்றிக் குளம்பைச் சீவிக் கட்ட வேண்டும். குளம்பு லாடத்துக்கு வெளியே வழிந்திருந்தால் கட்டி ரொம்ப நாள் ஆயிற்று என்று அர்த்தம். காது பின்னால் மடங்கி, கண் சுருங்கி, நாசி இறுகி இருந்தால் அதற்கு எங்கேயோ வலிக்கிறது. குழந்தைகளைச் செருப்புக் காலோடு அங்கவடியில் (சேணத்திலிருந்து தொங்கும் கால் வளையம்) கால் வைக்க விடாதீர்கள். பின்பக்கம் நிற்காதீர்கள். குதிரைக்காரரிடம் மரியாதையாகப் பேசுங்கள், காரியம் நடக்கும். மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

அந்தியூரான்

ஐயா, அந்த 70 கிலோ பொதிக்குச் சொன்னது. சவாரிக்கு, ஆளும் சேணமும் சேர்த்து குதிரை எடையில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வார்கள். 300 கிலோ குதிரை என்றால் 60 கிலோதான். உங்கள் கணக்கைக் கேட்டு ஏறினாலும் அதற்குப் பாரம்தான்.

சரி, என் விஷயம். ஆடியில் எங்கள் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு மார்வாரி, காத்தியவாரி, நொக்ரா என்று எல்லா வகைக் குதிரையும் வரும். ஒரு வெள்ளைக் குதிரைக்கு நல்ல கூட்டம். வந்தவர்கள் எல்லாம் ராசிக்கு முடிச்சுழி பார்க்கிறார்கள்: நெற்றியில் எத்தனை, கழுத்தில் எந்தப் பக்கம் என்று. பல்லைப் பிடித்து வயசு பார்க்கிறார்கள். குளம்பை ஒருத்தரும் தூக்கவில்லை. நான் தூக்கினேன். அழுகல் நாற்றம் குப்பென்று அடித்தது. விற்கிறவர் என் கையிலிருந்து காலைப் பிடுங்கிக் கீழே விட்டு, "வாங்குறதுன்னா பாரு, இல்லாட்டி நகரு" என்றார். சுழி சரியாக இருந்ததால் சாயங்காலத்துக்குள் விலை போய்விட்டது.

கோவை பூட்ஸ்

எல்லாரும் ஏரிக்கரைக் குதிரைக்காரரையே பிடித்துத் திட்டுகிறீர்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் மாடர்ன் பென்டத்லானை (குதிரையேற்றமும் சேர்ந்த ஐந்து விளையாட்டுப் போட்டி) நான் டிவியில் பார்த்தேன். அதில் குதிரை வீராங்கனையுடையது இல்லை, குலுக்கலில் வருவது. பழகிக்கொள்ள 20 நிமிடம்தான். ஜெர்மனியின் அன்னிகா ஷ்லோய் முன்னணியில் இருந்தார். செயின்ட் பாய் என்ற அந்தக் குதிரை தாண்ட மறுத்தது. இவர் அழுதுகொண்டே அடிக்கிறார், பயிற்சியாளர் வேலியோரத்திலிருந்து அதை முஷ்டியால் குத்துகிறார். உலகமே பார்த்தது. பாரிஸ் 2024-க்குப் பிறகு அந்தப் போட்டியிலிருந்து குதிரையையே எடுத்துவிட்டார்கள்.

அதைவிட என்னை உறுத்துவது பிரிட்டனின் சார்லட் டுஜார்டின் விவகாரம். டிரெஸாஜில், அதாவது குதிரையைச் சொன்னபடி அழகாக நடக்க வைக்கும் போட்டியில், மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர், பயிற்சியின்போது குதிரையின் கால்களில் சவுக்கால் திரும்பத் திரும்ப அடிக்கும் வீடியோ 2024-ல், ஒலிம்பிக் தொடங்கும் நேரத்தில் வெளியானது. அவரே விலகிக்கொண்டார், ஒரு வருடத் தடையும் வந்தது. ஆனால் அது சில வருடங்களுக்கு முன்னால் எடுத்த வீடியோ. அவ்வளவு காலமும் அது யாரோ ஒருவரிடம் சும்மா இருந்திருக்கிறது. இனிமேல் எந்த லாயக்காரர் "நாங்கள் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிறோம்" என்றாலும் நம்புவதற்கு எனக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

முன்னாள் ரேஸ் ரசிகன்

ரேஸ் லாயத்தில் வேலை பார்த்த மாமாவோடு அடிக்கடி போவேன். அங்கே ஒரு செம்பழுப்புக் குதிரை, நெற்றியில் கோணலாக ஒரு வெள்ளை, பின்னங்கால் ஒன்று வெள்ளை. வெல்லம் கொடுத்தால் மேலுதட்டைச் சுருட்டிக் காட்டும். முன்னங்கால் தசைநார் வீங்கி ஓட்டத்தை நிறுத்தினார்கள். ஏதோ ரைடிங் ஸ்கூலுக்குக் கொடுத்தார்கள் என்று மாமா சொன்னார்.

அப்புறம் ஒரு கல்யாண ஊர்வலத்தில் அதைப் பார்த்தேன். பேண்டு வாத்தியம், சரவெடி, மேலே மாப்பிள்ளை. அதே கால் வீங்கியிருந்தது. வெல்லம் வாங்கி வந்து நீட்டினேன், உதட்டைச் சுருட்டியது. ஓட்டி வந்தவரிடம் இதன் பேப்பர் இருக்கிறதா என்று கேட்டேன். "பேப்பரா? நான் மூணாவது ஆளுகிட்ட வாங்கினேன் சார்" என்றார்.

பந்தயத்தை விட்ட குதிரையை அடுத்தடுத்த கைவரை பின்தொடர்ந்து பார்த்த யாராவது இங்கே இருக்கிறீர்களா? லாயத்தில் கேட்டால் எல்லாரும் "நல்ல இடத்துக்குத்தான் போச்சு" என்கிறார்கள்.