புதுப்பிப்பு: அக்காவின் கைக்களைப்பை அளந்தாச்சு

முன்னம் கேட்டிருந்தேன்: கிளிநொச்சியில் இருக்கிற என் அக்காவுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், மூளையையும் முள்ளந்தண்டு நரம்பையும் தாக்கிற வருத்தம். கிளினிக்கில் கையை இறுக்கிப் பார்த்துவிட்டு நல்ல பலம் என்கிறார்கள். வீட்டில் மூன்றாம் தட்டு இடியப்பம் பிழியவே ஏலாது. இதை எப்படிக் காட்டுறது? பதில் எழுதின எல்லாருக்கும் நன்றி.

பிசியோ மிஸ் ரெண்டு விதமாப் பார்த்தவ. முதலாவது, ஒன்பது குச்சிகளை ஒன்பது துளையில் போட்டுத் திரும்ப எடுக்கிற நேரம், ஒவ்வொரு கைக்கும் இரண்டு தரம். பொதுவா 20 வீதம் மாறினால்தான் பெரிய மாற்றமா எடுப்பினமாம். ஆனா அது விரலின் லாவகத்தைத்தான் சொல்லும்.

களைப்புக்கு மற்றது: பிடிபலம் அளக்கிற கருவியை 30 செக்கன் விடாமல் முழுப் பலத்தோட நெரிக்கவேணும். தொடக்கத்தில் இலக்கம் நல்லா ஏறினது. பிறகு அக்கா பல்லைக் கடிச்சுக்கொண்டு நெரிக்க நெரிக்க இறங்கிக்கொண்டே போச்சு. அந்த இறக்கம்தான் நாங்கள் தேடினது! "களைக்குது" என்று அவ சொல்லுறதும் இதுவும் வேறவேற. ரெண்டையும் தனித்தனியாக் கேட்கவேணும்.

இன்னொன்று, வன்னி வெயில். உடம்பு சூடேறினால் அறிகுறிகள் கொஞ்ச நேரம் கூடும். உடம்பை வருத்தினால் பார்வை கொஞ்ச நேரம் மங்கிறதை உத்தோஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1890இலேயே எழுதினவர். அதனால் அடுத்த அளவையும் இதே காலை நேரத்தில் எடுக்கச் சொல்லியிருக்கிறம். இடியப்ப உரலை இப்ப இரண்டாம் தட்டோட அத்தான் வாங்கிப் பிழியுறார்.