பெர்ன்ஸ்டைன் இசையில் எந்த இடத்தில் விழுந்தீர்கள்? மும்பை நண்பர்கள் எழுதவும்

மாதுங்கா_கிருதி
2023 ஆகஸ்டில் லியனார்ட் பெர்ன்ஸ்டைன் இசையமைத்த அமெரிக்க இசை நாடகம் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' பாந்த்ரா பி.கே.சி.க்கு வந்ததே, பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். கதையை விடுங்கள், ரோமியோ ஜூலியட்தான், குடும்பங்களுக்குப் பதில் இரண்டு தெருக் கும்பல். 'மரியா' பாட்டு. காதலன் டோனி அந்தப் பெயரை இழுத்துப் பாடியதும் பக்கத்து ஸீட் மாமி, முன்பின் பார்த்ததில்லை, என் முழங்கையைப் பிடித்து, "பிரதி மத்யமம்! கேட்டேளா?" என்றார். (ம இரண்டு உண்டு; ப-வுக்கு அரைச்சுரம் கீழே நிற்கும் மேல் ம இது.) முன்வரிசைக்காரர் திரும்பி முறைத்தார். மாமி கண்டுகொள்ளவில்லை. "ச, ம, ப. அந்த ம-வில நின்னு ப-வுக்கு ஏர்றான் பாருங்கோ."

இடைவேளையில், "ஆரம்பச் சண்டையிலயும் அதே சுரம்தானே?" என்று ஒரு கேள்வியை வீசிவிட்டுப் போய்விட்டார். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். ஆமாம்! தெருக் கும்பல்களுக்கு வரும் அந்த மூன்று சுரம்: கீழ் ப, ச, ம. ம-வில் வந்து தொங்குகிறது, மேலே போக வழியில்லை. காதலியின் பெயரில் அதே ம, ப-வைத் தொட்டுவிடுகிறது. அடிதடிக்கும் காதலுக்கும் நடுவே அரைச்சுரம்தான் தூரம். இந்த மனுஷரை என்ன சொல்ல?

செம்பூர்_வீணை
பிரதி மத்யமம் என்றதும் உடனே "கல்யாணி ராகம்" என்று யாரும் ஆரம்பிக்காதீர்கள். என் மகள் இதைக் கீபோர்டில் வாசித்தபோது அப்பா ஹாலிலிருந்து "கல்யாணியா?" என்று குரல் கொடுத்தார். அன்றிலிருந்து வீட்டில் சண்டை. கல்யாணியில் ச-வையும் ப-வையும் விட்டு நி ரி க ம த நி என்று போவதில்தானே அழகு? இங்கே ச-வில் காலை ஊன்றி ம-வுக்கு ஒரே தாவல். நடுவில் ரி, க இல்லை, கமகம் என்கிற சுர அசைவும் இல்லை. இதில் ராகம் தேடாதீர்கள், இது வெறும் இடைவெளி. மேற்கத்திய இசையில் ட்ரைடோன் என்பார்கள். ஸ்ருதிப்பெட்டியைப் போட்டுக்கொண்டு ச-விலிருந்து நேராக ம-வுக்குப் பாடி, அங்கேயே கொஞ்சம் நில்லுங்கள். காது கூசும், ப-வுக்குப் போகச் சொல்லிப் பிடுங்கும். மாமி பிரதி மத்யமம் என்றதோடு நிறுத்தினாரே, அதற்காகவே அவருக்கு ஒரு நமஸ்காரம்.

தாராவி_தகிட
சுரச் சண்டை நடக்கட்டும். எனக்கு 'அமெரிக்கா' பாட்டு. டிக்கெட் விலைக்கும் நமக்கும் தூரம், அதனால் போனில்தான். நானும் சித்தப்பாவும் சயனில் வண்டி ஏறினோம். அவர் தவில், டோம்பிவிலியில் ஒரு முகூர்த்தம். ஒரு இயர்போனை அவர் காதில் செருகினேன். முகத்தைச் சுளித்தார். அப்புறம் உறை போட்ட தவில் மேல் விரல் தானாக ஓடியது: தகிட தகிட தக தக தக. "பன்னெண்டுதாண்டா. பாதியை மூணு மூணா வெட்டுறான், மீதியை ரெண்டு ரெண்டா வெட்டுறான். கணக்குத் தெரிஞ்ச ஆளு. எந்த ஊரு?"

பெர்ன்ஸ்டைன் அந்தப் பாட்டுக்கு 'டெம்போ டி ஹுவபாங்கோ' என்று குறித்திருக்கிறார். மெக்சிகோ தாளம். பாடுகிற பெண்களோ போர்ட்டோ ரிக்கோக்காரர்கள். இதைச் சொன்னதும் சித்தப்பா, "இங்க நம்ம எல்லாரையும் மதராஸின்றான்ல, அந்த மாதிரி" என்றார். தாணே தாண்டியும் இயர்போனைத் திருப்பித் தரவில்லை.

முலுண்ட்_ராஜாபக்தன்
எல்லோரும் புகழ்கிறீர்கள், வாத்திய அமைப்பு முழுக்க அவர் கையால் எழுதியதா? சிட் ராமின், இர்வின் காஸ்டல் என்று இரண்டு பேர் கூட இருந்தார்கள். எங்கள் இளையராஜா ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தானே எழுதிக் கொடுப்பார். இதை ஷண்முகானந்தா வாசலில் ஒரு பெர்ன்ஸ்டைன் பக்தரிடம் சொல்லி மாட்டிக்கொண்டேன். கடித்த போண்டாவைக் கீழே வைத்துவிட்டுத் தொடங்கினார். பிராட்வேயில், அதாவது நியூயார்க் நாடக மேடைகளில், அதுதான் வழக்கமாம், ஒத்திகை ஓடும்போதே பாட்டு மாறுமாம், தனி ஆளால் ஆகாதாம். பெர்ன்ஸ்டைனின் இன்னொரு மேடைப் படைப்பான 'காண்டீட்' வேலையும் அதே காலத்தில் ஓடியதாம், அதற்குப் போட்ட ஒரு மெட்டுதான் இங்கே போலீஸ்காரர் க்ரப்கியைக் கேலி செய்யும் பாட்டானதாம். போண்டா ஆறியதுதான் மிச்சம். அவருக்குப் பதில் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் ராஜா ராஜாதான்.

வாஷி_பால்கனி
கடைசிக் காட்சியில் என் முன்னால் இருந்த குடும்பம் வண்டி பிடிக்க எழுந்துவிட்டது. முடிவே காதில் விழவில்லை, இன்னும் எரிச்சல்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 1961 படத்தை மட்டும் பார்த்துவிட்டு நாடகத்துக்குப் போனால் தடுமாறுவீர்கள். படத்தில் 'கூல்' பாட்டும் க்ரப்கி பாட்டும் இடம் மாறியிருக்கும். 'அமெரிக்கா' மேடையில் பெண்கள் பாட்டு, ஆண்கள் சேர்ந்தது படத்தில்தான். முதலில் 1957 மேடைக் குழுவின் ஒலிப்பதிவைக் கேளுங்கள். 'கூல்' நடுவில் ஒரு ஃபியூக் வரும், ஒரே மெட்டை ஒன்றன்பின் ஒன்றாகப் பல குரல்கள் துரத்தும், ஒரு குரலை மட்டும் பிடித்துக்கொண்டு தொடருங்கள், எல்லாவற்றையும் பிடிக்கப் பார்த்தால் ஒன்றும் தேறாது. நாடகத்தின் முடிவில் மேஜர் கார்டு, அதாவது இனிமையாகச் சேர்ந்து ஒலிக்கும் மூன்று சுரம், மேலே நிம்மதியாக நிற்கும், அடியில் கீழ்ச்சுர வாத்தியமான பேஸ் அந்த பிரதி மத்யமத்தில் போய் இடிக்கும். போன் ஸ்பீக்கரில் அது விழவே விழாது, ஹெட்போன் வேண்டும். அரங்கில் என்றால் விளக்குப் போடும்வரை எழுந்திருக்காதீர்கள். பி.கே.சி.க்கு இப்போது மெட்ரோவே வந்துவிட்டது, குர்லா ஆட்டோவுக்காக ஓட வேண்டியதில்லை.