நம்ம மலையகத் தேயிலைத் தோட்டத்தில் நீங்கள் பார்த்த சாமி மனுசர்கள் – சொல்லுங்கள்

பண்டாரவளைக்காரன்:
பெரிய சாமியார், ஆசிரமக் கதையெல்லாம் வேண்டாம். பக்கத்துக் காம்பரா வீட்டில் இருந்த ஆட்களைப் பற்றிப் பேசுவோம். நானே தொடங்குகிறேன்.

எங்கள் தோட்டத்தில், மன்மதன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்துக்கு ரதி வேஷம் கட்டுபவரை எல்லோரும் 'ரதி மாமா' என்றுதான் கூப்பிடுவோம். மற்ற நாளில் தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக்காரர். உள்ளங்கை தேயிலைக் கட்டை மாதிரி சொரசொரப்பாக இருக்கும். மாசியில் மூன்றாம் பிறை பார்த்து, வைக்கோல் பிரி சுற்றிய காமன் கம்பத்தை ஊன்றிவிட்டால் ஆள் மாறிவிடுவார். கையில் மஞ்சள் காப்பு இருக்கும் வரைக்கும் சாராயம் இல்லை, கருவாடுகூட இல்லை, படுக்கையும் வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் தனியாக. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போய்க் கத்தியைப் பிடிப்பார். ராத்திரி தப்பு அடித்ததும் சேலை, சவுரி.

ஒரு வருசம் அவருக்கு அரிதாரம் பூசும்போது குப்பி விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பத்து வயது. மாமிதான் கொசுவம் வைத்துவிட்டார். புருஷனுக்குச் சேலை கட்டிவிடுகிறோமே என்ற சிரிப்பு அவர் முகத்தில் துளியும் இல்லை.

கதை தெரியுமே, சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து காமனை, அதாவது மதனை, எரித்துவிடுகிறார். ரதி அழுது கேட்க, உன் கண்ணுக்கு மட்டும் தெரிவான் என்று வரம் கொடுக்கிறார். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் தாலி இழந்த பெண்கள் அந்த இடத்தில்தான் தேம்பித் தேம்பி அழுவார்கள்.

எரித்த மறுநாள் மாமா வேலைக்குப் போகமாட்டார். கங்காணி வந்து கத்தினால், "புருஷன் எரிஞ்ச மறுநா எந்தப் பொம்பள வேலைக்கு வருவா?" என்பார். கங்காணிக்குச் சிரிப்பு வந்துவிடும். ஆனால் அன்றைய சம்பளக் கணக்கில் பேர் விழாது. வருசா வருசம் அந்த ஒரு நாள் சம்பளம் போய்க்கொண்டேதான் இருந்தது.

பதுளைப் பொடியன்:
எங்கள் பக்கம் கூத்து நின்றே போய்விட்டது அண்ணே. காப்புக் கட்டினால் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. பொடியன்கள் எல்லாம் கொழும்பில் கடை வேலையில் இருக்கிறோம். காமனுக்கு என்று கேட்டால் முதலாளி இரண்டு வாரம் லீவு தருவாரா? நான் கேட்டே பார்த்தேன். காமன் யார், சொந்தக்காரனா என்றார்!

மஸ்கெலியாப் பிள்ளை:
என்னுடையது யாத்திரை மலையான சிவனொளிபாதமலைக் கதை. யாத்திரை சீசனில், டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமி) வெசாக் பௌர்ணமி வரை எங்கள் பக்கத்து ஆம்பிளைகள் பலருக்கு அங்கே சுமை தூக்கும் வேலை இருக்கும். மலையடியில் உள்ள நல்லதண்ணியிலிருந்து ஐயாயிரத்துக்கு மேல் படி. வழிக் கடைகளுக்கு அரிசி, சீனி, சோடாப் பெட்டி எல்லாம் முதுகில்தான் போகும்.

யாத்திரைக்காரர்கள் வெள்ளை நூல் இழுத்துக்கொண்டு போகிற இடத்துக்கு மேலே, மூட்டையைப் படியில் சாய்த்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு தாத்தாவிடம் பேச்சுக் கொடுத்தேன். சீசனுக்கு ஐம்பது அறுபது தடவை ஏறுவாராம். உச்சியில் மணி இருக்கிறது அல்லவா, எத்தனையாவது தடவை ஏறுகிறோமோ அத்தனை அடி அடிக்க வேண்டும். "அப்ப நீங்க அடிக்கத் தொடங்கினா விடிஞ்சிடுமே தாத்தா" என்றேன், கிண்டலாகத்தான்.

அவர் சிரிக்கவில்லை. "மூட்டையோட ஏறுறது கூலிக்கு, பாப்பா. அதைச் சாமி கணக்குல எழுதலாமா?" என்றார். சீசன் முடிவதற்குள் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, குளித்து, வேட்டி கட்டி, வெறும் கையோடு ஏறுவாராம். சில வருசம் அந்த ஒரு நாள்கூட வாய்க்காது, சுமை இருக்கும், வீட்டில் செலவு இருக்கும்.

முப்பது வருசமாகத் தூக்குகிறவர். அவர் கணக்கில் அப்போது பதினொன்று.