எழுபதைக் கடந்தவர்களிடம் ‘குறையுங்கள்’ என்று மட்டும் சொல்வது சரியா?

செம்பவாங் மணியம்:
நம் முதியோருக்காகச் சமூக மன்றங்களில் நடத்தப்படும் சுகாதார உரைகள் பலவற்றைக் கேட்டிருக்கிறேன். சோற்றைக் குறையுங்கள், சீனியைக் குறையுங்கள், எண்ணெயைக் குறையுங்கள் என்றுதான் அவை தொடங்குகின்றன. பெரும்பாலும் அதிலேயே முடிந்தும் விடுகின்றன. ஐம்பது வயதில் தொப்பையோடு இருப்பவருக்கு அது தக்க அறிவுரைதான். உடல் மெலிந்து, நாற்காலியின் கைப்பிடியை ஊன்றாமல் எழ முடியாத எழுபத்தெட்டு வயதுக்காரருக்கும் அதையே சொல்வதைத்தான் எதிர்க்கிறேன். 50 வயதைக் கடந்தவர்களுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாள்தோறும் 1.2 கிராம் புரதம் தேவை என்று சிங்கப்பூரின் சுகாதார மேம்பாட்டு வாரியம் பரிந்துரைக்கிறது. இளையோருக்கான 0.8 கிராமைவிட அது கூடுதல் என்பது எத்தனை வீடுகளில் தெரியும்? 60 கிலோ எடையுள்ள மூதாட்டிக்கு 72 கிராம் வேண்டும். காலையில் இரண்டு இட்லி, மதியம் ரசம் சோறு, இரவில் கஞ்சியும் ஊறுகாயும் என்று இருப்பவருக்கு அதில் பாதி கிடைத்தாலே அதிகம்.

ஓய்வுபெற்ற தாதி:
ஐயா, ‘குறையுங்கள்’ என்பதை யாரும் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. சுகாதார அமைச்சு 2016இல் நீரிழிவுக்கு எதிராகப் போர் தொடுத்தபோதும் சரி, இப்போதும் சரி, சிங்கப்பூரில் சீனர்களைவிட இந்தியர்களிடம்தான் அந்நோய் அதிகம் காணப்படுகிறது. இங்குச் சிறுநீரகம் செயலிழப்பதற்கு முதன்மைக் காரணமும் அதுவே. நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராம் சோடியம் போதும் என்றிருக்க, 2022ஆம் ஆண்டின் தேசிய ஆய்வு நம் சராசரியை 3,620 மில்லிகிராம் என்று காட்டியது. நீங்கள் குறிப்பிட்ட ஊறுகாய்க்கும் அதில் பங்குண்டு. மேலும், சிறுநீரகம் பழுதடைந்து, ஆனால் ரத்தச் சுத்திகரிப்புச் சிகிச்சையைத் தொடங்காத நோயாளிக்குப் புரதத்தைக் கிலோவுக்கு 0.8 கிராம் அளவில் வைத்துக்கொள்ளும்படி மருத்துவர்கள் கூறுவது வழக்கம். உங்கள் 1.2 என்ற எண்ணைப் படித்துவிட்டு அவருடைய பிள்ளைகள் புரதப் பொடி டப்பாவோடு வீட்டுக்கு வந்தால் யார் பொறுப்பு?

சைவ வீட்டு மருமகள்:
எங்கள் வீட்டில் பிரச்சினை வேறு. மாமியார் முட்டையைக்கூடத் தொடமாட்டார். தினமும் சாம்பார் ஊற்றிக்கொள்வதால் பருப்பு போதுமான அளவு சேர்கிறது என்று நம்புகிறார். அந்தச் சாம்பாரில் பருப்பைவிடத் தண்ணீரே அதிகம். ஈரச்சந்தையில் மலிவாகக் கிடைக்கும் தௌகுவாவை, அதாவது கெட்டியான சோயாக் கட்டியை, பொரியல்போலச் செய்து கொடுத்த பிறகுதான் அது ‘சீனர் சாப்பாடு’ என்ற தயக்கம் அவருக்கு நீங்கியது. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பி12 உயிர்ச்சத்து தாவர உணவில் இயல்பாகக் கிடைப்பதில்லை. நீரிழிவுக்கு நீண்டகாலம் மெட்ஃபோர்மின் மாத்திரை உட்கொள்வதும் உடலில் பி12 அளவைக் குறைக்கக்கூடும். சைவ உணவு, மெட்ஃபோர்மின் இரண்டும் ஒருங்கே அமைந்த முதியவர்கள் நம்மிடையே ஏராளம். பி12 குறைந்தாலும் கால் மரத்துப்போகலாம்; அதை ‘வயசாகிவிட்டது’ என்று ஒதுக்காமல் ரத்தப் பரிசோதனையில் பி12 அளவையும் பார்க்கச் சொல்லலாம்.

செம்பவாங் மணியம்:
தாதி அம்மா, சிறுநீரக நோயாளிக்கான விதிவிலக்கை மறுக்கவில்லை; அதையே எல்லாருக்குமான விதியாக்குவதைத்தான் மறுக்கிறேன். ‘குறையுங்கள்’ என்பதிலும் ஆபத்து உண்டு. சில வகை நீரிழிவு மாத்திரைகளை வழக்கமான அளவில் விழுங்கிவிட்டு, சர்க்கரைக்குப் பயந்து இரவு உணவைத் தவிர்க்கும் முதியவருக்கு ரத்தச் சர்க்கரை திடீரெனச் சரிந்து மயக்கம் வரலாம். அந்த வயதில் கழிவறையில் ஒரு முறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், பலர் பழைய நடமாட்டத்துக்குத் திரும்புவதில்லை. இதை எந்த உரையிலும் நான் கேட்டதில்லை.

ஓய்வுபெற்ற தாதி:
மாத்திரை பற்றி நீங்கள் சொல்வது உண்மை. அதனால்தான் பொது மேடையில் எண்களை அறிவிப்பது எனக்கு உடன்பாடில்லை. 2023இல் அரசாங்கம் தொடங்கிய ‘ஹெல்தியர் எஸ்ஜி’ சுகாதாரத் திட்டத்தில் பதிந்துகொண்ட முதியவருக்கு ஒரு குடும்ப மருத்துவர் இருப்பார். புரதம் எவ்வளவு, உணவு குறைந்தால் மாத்திரையை என்ன செய்வது என்பதைச் சிறுநீரகப் பரிசோதனை முடிவோடு அவரிடம் கேட்பதே முறை.

செம்பவாங் மணியம்:
கேட்க வேண்டும் என்பதே தெரியாதவர் எப்படிக் கேட்பார்? எண்ணை மேடையில் சொல்லுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பின்பற்றக் கூடாது என்பதை அதே மூச்சில் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற தாதி:
அந்த இரண்டாவது வாக்கியம் வரும்வரை கூட்டத்தில் எத்தனை பேர் காது கொடுத்துக்கொண்டிருப்பார்கள் என்பதில்தான் நாம் வேறுபடுகிறோம், ஐயா.